கடலில் விழுந்த ஆய்வகம்

சென்னை நுங்கம்பாக்கத்தில், வானிலை ஆய்வு மைய வளாகத்துக்குள் 15 அடி உயரக் கருங்கல் தூண் ஒன்று நிற்கிறது. 1792இல் கிழக்கிந்தியக் கம்பெனி கட்டிய வான் ஆய்வகத்தில் மிஞ்சியது அது. அதில் தமிழிலும் எழுத்து வெட்டியிருக்கிறார்கள். அந்தத் தூணில் பொருத்திய சிறு தொலைநோக்கியில் நட்சத்திரம் கடப்பதைப் பார்த்துத்தான் அன்று கடிகாரத்தைத் திருத்துவார்கள்.

சென்னை எந்தத் தீர்க்கரேகையில் இருக்கிறது என்று அறிய, அங்கிருந்த வானியலாளர் ஜான் கோல்டிங்ஹாம் நம்பியது வியாழனின் நிலாக்களை. கண் தொலைநோக்கியில், காது ஊசல் கடிகாரத்தின் டிக் டிக்கில். நிலா வியாழனின் நிழலுக்குள் மறையும் விநாடியைக் குறித்து, கிரீன்விச் நேரத்தோடு ஒப்பிட வேண்டும். நான்கு நிமிட வித்தியாசத்துக்கு ஒரு டிகிரி. ஆனால் அந்த நிலா சட்டென்று அணைவதில்லை, மெல்ல மங்கும். எந்த விநாடியை எழுதுவது? சென்னைக் கொசு வேறு.

1802இல் வந்த விடை, கிரீன்விச்சைவிட 5 மணி 21 நிமிடம் 14 விநாடி. பின்னாளில் தந்தி வழியே சரிபார்த்தபோது, ஏறக்குறைய 15 விநாடி கூடுதல் என்று தெரிந்தது. தரையில் அது கிட்டத்தட்ட 7 கிலோமீட்டர். அந்தக் கணக்கை இன்றைய வரைபடத்தில் வைத்தால், ஆய்வகம் மெரினாவைத் தாண்டிக் கடலுக்குள் போய் விழும்! வெறும் தொலைநோக்கியையும் ஊசலையும் வைத்து இவ்வளவு நெருங்கியதே பெரிது என்பேன்.

இன்று நம் போனும் துணைக்கோள்களைத்தான் கேட்கிறது, ஆனால் இவை மனிதர் ஏவியவை. இங்கேயும் நேரம்தான் அடிப்படை. சீசியம் அணுவின் 9,192,631,770 அதிர்வுகள் ஒரு விநாடி என்பது 1967 முதல் உலகக் கணக்கு. துணைக்கோளில் இருப்பதும் அணுக் கடிகாரமே. 'இந்த நேரத்தில் கிளம்பினேன்' என்று சொல்லியபடி துணைக்கோளின் சிக்னல் வரும். நான்கு துணைக்கோள்களின் சேதி கிடைத்தால் போன் தன் இடத்தைக் கணக்கிட்டுவிடும். விநாடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினாலே 300 மீட்டர் போச்சு. கோல்டிங்ஹாமின் 15 விநாடி இங்கே நேர்ந்தால் 45 லட்சம் கிலோமீட்டர். நிலவையும் தாண்டி எங்கோ.

இந்தியாவின் சொந்த இடங்காட்டி அமைப்பான நாவிக்குக்காக 2013இல் ஏவிய துணைக்கோள் ஒன்றில், வெளிநாட்டிலிருந்து வாங்கிய மூன்று ரூபிடியம் கடிகாரங்களும் அடுத்தடுத்துப் பழுதாயின. நேரம் சொல்ல முடியாத துணைக்கோளால் இடமும் காட்ட முடியாது. 2023 மே மாதம் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய நாவிக் துணைக்கோளில் உள்நாட்டுக் கடிகாரம் இருந்தது.

அனுமதி வாங்கிக்கொண்டு அந்தத் தூணருகே நின்று போனைப் பாருங்கள். 80 டிகிரி 14 நிமிடம் சொச்சம் காட்டும். கோல்டிங்ஹாமின் கணக்கில் அது 80 டிகிரி 18 நிமிடம் 30 விநாடி.