கோதுமை, இலந்தை, அதிமதுரம்

மனம் சோர்ந்து, நினைத்தாற்போல் அழுகை பொங்கி, கொட்டாவியும் ஓயாமல் வரும் பெண்களுக்காகச் சீனத்தில் ஒரு பழைய கஷாயம் உண்டு. பெயர் 'கன்மாய் தஜாவ் தாங்'. கி.பி. 200-ஐ ஒட்டி வாழ்ந்த மருத்துவர் ஜாங் ஜொங்ஜிங், தம் 'ஜின்குய் யாவ்லுவே' நூலில் இதைச் சொல்லியிருக்கிறார்.

சேர்மானம் மூன்றுதான்: கோதுமை, அதிமதுரம், பத்துச் சீன இலந்தைப் பழம். ஆறு பங்கு தண்ணீரை மூன்று பங்காகச் சுண்டக் காய்ச்சி, மூன்று வேளையாகப் பிரித்து, இளஞ்சூட்டில் குடிக்க வேண்டும். கோதுமை இதயத்துக்குப் போஷாக்கு, இனிப்புச் சுவை இறுக்கத்தைத் தளர்த்தும் என்பது சீன வைத்தியத்தின் கணக்கு. அந்த மரபில் இதயம்தான் மனத்தின் இருப்பிடம்.

இதைக் கேட்டதும் நம்மில் பலருக்கும் தோன்றுவது ஒன்றே: "எல்லாம் சாப்பிடும் பொருள்தானே, என்ன கெடுதல் வந்துவிடும்?" இங்கேதான் நாம் சற்று நிற்க வேண்டும். கோதுமையும் இலந்தையும் உணவுதான். அதிமதுரம் அப்படியல்ல.

அதிமதுரத்தின் தித்திப்புக்குக் காரணம் கிளிசிரைசின் என்ற பொருள். அது உடலுக்குள் என்ன செய்கிறது என்று பார்ப்போம். உப்பைப் பிடித்துவைக்கும்படி சிறுநீரகத்துக்கு உத்தரவிடுவது அல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன். கார்டிசால் என்ற வேறொரு ஹார்மோனும் அதே உத்தரவைப் போடக்கூடியது. ரத்தத்தில் அதன் அளவோ பல மடங்கு அதிகம். அதைத் தடுக்க ஒரு நொதி வாசற்காவலர்போல் நின்று, வரும் கார்டிசாலைச் செயலற்றதாக்கி அனுப்புகிறது.

கிளிசிரைசின் குடலில் உடைந்து ரத்தத்தில் கலந்ததும் அந்தக் காவலரின் கையைக் கட்டிவிடுகிறது. கார்டிசால் தடையின்றி உள்ளே நுழைகிறது. உடலில் உப்பும் நீரும் தங்குகின்றன. பொட்டாசியம் சிறுநீரில் வெளியேறுகிறது. ரத்த அழுத்தம் ஏறலாம், கால் வீங்கலாம், தசை தளரலாம், இதயத் துடிப்பின் தாளமும் தவறலாம்.

ஜப்பானில் இதே கஷாயம் 'கன்பாகு தைசோ தோ' என்ற பெயரில் மருந்தாகக் கிடைக்கிறது; இரவில் வீறிட்டழும் குழந்தைகளுக்கும் கொடுக்கிறார்கள். அங்கே ஒரு நாள் அளவில் 5 கிராம் அதிமதுரம் சேர்கிறது. ஒரு நாள் அளவில் 2.5 கிராமோ அதற்கு மேலோ அதிமதுரம் சேர்ந்த மருந்தைப் பொட்டாசியம் குறைந்தவர்களுக்குக் கொடுக்கக் கூடாது என்று அந்நாட்டு விதி சொல்கிறது.

ஆகவே, ரத்த அழுத்தமோ இதய, சிறுநீரக நோயோ உள்ளவர்களும், நீர் பிரிய மாத்திரை எடுப்பவர்களும், கர்ப்பிணிகளும் இதைத் தாமாகக் காய்ச்சிக் குடிக்க வேண்டாம். மற்றவர்களும் மருத்துவரைக் கேட்டே குடியுங்கள். அழுகையும் சோர்வும் வாரக்கணக்கில் நீடித்தால், எந்தக் கஷாயத்தையும் நம்பிக் காத்திராமல் மனநல மருத்துவரைப் பாருங்கள்.