கடன் சொல்லும் அஞ்சல்தலை

விடுதியில் தங்கிப் படித்த நாளில், ஒருமுறை அவசரத்தில் தலை ஒட்டாமலே அம்மாவுக்குக் கடிதம் போட்டுவிட்டேன். தபால்காரர் கேட்ட இருமடங்குக் கட்டணத்தை அம்மா அடுத்த வீட்டில் கைமாற்றாக வாங்கிக் கொடுத்தாராம். கடிதத்தில் நான் கேட்டிருந்ததும் பணந்தான்! அவ்வுறையின் மேலிருந்த கரிய முத்திரைதான் குறைகட்டண அஞ்சல்தலைகளைப் பற்றி அறியும் ஆவலை என்னுள் தூண்டியது.

மற்ற அஞ்சல்தலைகளை அனுப்புபவர் வாங்கி ஒட்டுகிறார். இதையோ அஞ்சல் நிலையமே ஒட்டும். விலையைக் கடிதம் பெறுபவர் தருவார். வசூலான காசுக்கு அதுவே கணக்கு.

இத்தகைய தலையை முதன்முதலில் 1859இல் வெளியிட்ட நாடு பிரான்சு. 10 சாந்தீம் மதிப்புள்ள அத்தலை கறுப்பு மையில் அச்சிடப்பட்டது. 1879இல் அமெரிக்கா வெளியிட்ட தலைகள் பழுப்பு நிறத்தவை. செதுக்குத் தகடுகளில் அச்சானவை. அவற்றின் நடுவே பெரிய எண் ஒன்று நிற்கும்.

இங்கிலாந்தின் தலைகள் 1914 ஏப்ரல் 20இல் வெளிவந்தன. ஜார்ஜ் ஈவ் என்பவர் வரைந்த வடிவம் அது. 1840 முதல் அந்நாட்டு அஞ்சல்தலைகளில் அரச முகம் இருந்து வந்தது, இதில் இல்லை. நடுவில் எண், சுற்றிலும் எளிய அணிவேலை, அவ்வளவே. அரைப் பென்னிக்குப் பச்சை, ஒரு பென்னிக்குச் சிவப்பு என மதிப்புக்கொரு நிறம். வாசலில் நின்று காசு கேட்பவருக்கும் கொடுப்பவருக்கும் தொகை பார்த்தவுடன் விளங்க வேண்டுமல்லவா? அரசர்கள் மாறியபோதும் வடிவம் மாறவில்லை. தாளின் நீர்க்குறி மாறியது. 1970இல்தான் புது வடிவம் வந்தது.

நம் அண்டையிலும் இவை இருந்தன. பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரி, காரைக்கால் பகுதிகளுக்கு 1923இல் பிரான்சின் தலைகள்மேல் உள்ளூர் மதிப்பை அச்சிட்டு வழங்கினர். 1929இல் தனி வடிவமே வந்தது. அவற்றின் மதிப்பு நம் பழைய காசு, பணம் என்னும் கணக்கில் இருந்தது. இந்திய அஞ்சல்துறையோ இதற்கெனத் தலை அச்சிடாமல் கைமுத்திரையையே பயன்படுத்தியது.

கட்டணம் தர மறுக்கப் பெறுபவருக்கு உரிமை உண்டு. அம்மா மறுத்திருந்தால் கடிதம் என்னிடமே திரும்பியிருக்கும். அவர் மறுக்கவில்லை. அந்த முத்திரையில் எழுதியிருந்த தொகையை நான் இன்னும் அடைக்கவில்லை, அடைக்கவும் இயலாது.