அச்சு தாங்கும் பாரம்

மயிற்பீலியைப் போன்ற இலேசான பொருளாயினும், அளவு கடந்து ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்பதை வள்ளுவர் அன்றே எடுத்துக் காட்டினார். மாட்டுவண்டிக் காலத்து அறிவுரை, நாமக்கல்லிலிருந்து புறப்பட்டு நாகபுரி வழியே தில்லி வரை செல்லும் லாரிக்கும் பொருந்துவதே. ஆனால் இக்காலச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. அச்சு தாங்குமா என்பதோடு, அச்சின் கீழுள்ள சாலை தாங்குமா என்றும் அது கேட்கிறது. வெளி மாநிலங்களில் வாழும் நம்மவருள் லாரி ஓட்டுவோரும், லாரி வைத்துத் தொழில் நடத்துவோரும், சரக்கு அனுப்பும் வணிகரும் பலர். அவர்கள் அனைவரும் இதனை அறிந்திருத்தல் நலம்.

லாரியின் எடை முழுவதும் சக்கரங்கள் தரையைத் தொடும் சில இடங்களின் வழியாகவே சாலையில் இறங்குகிறது. ஆகவே, சாலையைப் பொறுத்தவரை, மொத்த எடையைவிட ஒவ்வோர் அச்சும் சுமக்கும் பங்கே முக்கியமானது. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் 1958 முதல் 1960 வரை, சோதனைச் சாலைகள் அமைத்து அவற்றின்மீது லாரிகளை ஓட்டி ஆராய்ந்தனர். அச்சின் பாரம் கூடக்கூட, சாலைக்கு நேரும் சேதம் ஏறத்தாழ அதன் நான்காம் படியாகக் கூடுகிறது என்பது அதனால் புலனாயிற்று. 10 டன் ஏற்ற வேண்டிய அச்சில் 12 டன் ஏற்றினால், பாரம் ஐந்தில் ஒரு பங்கே மிகுகிறது. சேதமோ இரு மடங்குக்கு மேல் ஆகிவிடுகிறது.

நம் நாட்டில் இவ்வரம்புகளை 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி மத்திய அரசு விதிக்கிறது. 2018 ஜூலையில் அவை உயர்த்தப்பட்டன. இரண்டு டயர் கொண்ட அச்சுக்கு 6 டன்னாக இருந்தது 7 டன் ஆயிற்று. நான்கு டயர் கொண்ட அச்சுக்கு 10.2 டன் என்பது 11.5 டன் ஆயிற்று. எட்டு டயர் கொண்ட இரட்டை அச்சுக்கு 19 டன் என்பது 21 டன் ஆயிற்று. எனினும், ஒரு குறிப்பிட்ட லாரிக்கு உரிய மொத்த எடை அதன் பதிவுச் சான்றிதழில் எழுதப்பட்டுள்ளதே ஆகும்.

இங்கே பலர் தவறும் இடம் ஒன்று உண்டு. முன்னே 7, பின்னே 11.5, ஆக 18.5 டன் அனுமதி பெற்ற லாரியை எண்ணிப் பாருங்கள். சரக்கைப் பின்புறமாகவே குவித்தால், முன் அச்சில் 6 டன்னும் பின் அச்சில் 12.5 டன்னும் விழக்கூடும். மொத்தம் சரி; பின் அச்சோ வரம்பை மீறிவிட்டது. எவ்வளவு ஏற்றுகிறோம் என்பதைப் போலவே, எங்கே ஏற்றுகிறோம் என்பதும் கவனிக்கத்தக்கது.

வரம்பு மீறினால் வரும் தண்டனை சிறிதன்று. 2019 செப்டம்பர் முதல் அபராதம் 20,000 ரூபாய். மிகுதியான ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000 ரூபாய். மூன்று டன் மிகுந்தால் 26,000 ரூபாய் கட்ட வேண்டும். நிறுத்தி எடை போட மறுத்தால் 40,000 ரூபாய். பணம் கட்டியவுடன் அதே பாரத்தோடு புறப்படவும் இயலாது. மிகுதியை இறக்கிய பின்னரே வண்டி நகரலாம். அபராதம் கட்டுவதால் மிகைப் பாரம் சட்டப்படியானதாகிவிடாது என்று உச்ச நீதிமன்றம் 2005இல் தெளிவாக்கியது.

"முதலாளி ஏற்றச் சொன்னார், நான் ஓட்டினேன்" என்னும் சமாதானம் செல்லாது. ஓட்டுபவர், ஓட்டச் செய்பவர், ஓட்ட அனுமதிப்பவர் ஆகிய எல்லோரையும் சட்டம் பொறுப்பாக்குகிறது. ஆயினும், மொழி தெரியாத ஊரில், நடுவழியில் அதிகாரி முன் நிற்பவர் ஓட்டுநர்தாம். கண்டாலா போன்ற மலைச் சரிவில் மிகைப் பாரத்தால் பிரேக் சூடேறிப் பிடிக்காமற்போனால், உயிரைப் பணயம் வைப்பவரும் அவரே.

ஆதலால், சரக்கு ஏற்றிய ஊரிலேயே எடைமேடையில் நிறுத்துங்கள். எடைச் சீட்டைப் பதிவுச் சான்றிதழோடு ஒப்பிட்டுப் பார்த்துப் பத்திரப்படுத்துங்கள். மிகுதி இருந்தால் அங்கேயே இறக்கச் சொல்லுங்கள். கூலியாட்களும் கிடங்கும் உள்ள இடத்தில் இரண்டு டன் இறக்குவது எளிது. நெடுஞ்சாலை ஓரத்தில் இறக்குவது அரிது. அங்கே துணிந்து கூறும் ஒரு சொல் பணத்தையும் காக்கும், உயிரையும் காக்கும்.