ஹாலேவுக்குப் புல் கிடைத்தது, சென்னைக்கு?

பான் நகரம் இருக்கும் அதே ஜெர்மன் மாநிலத்தின் வடகிழக்கு மூலையில் ஹாலே என்றொரு சிற்றூர். மக்கள்தொகை இருபதாயிரத்துச் சொச்சம். அங்குள்ள டென்னிஸ் அரங்கில் 12,000 பேருக்கு மேல் உட்காரலாம். ஊரில் பாதிப் பேர் அதற்குள் அடங்கிவிடுவார்கள்!

ஜெர்மனி களிமண் தரையில் ஆடிப் பழகிய தேசம். கிளப்பில் ஆடிவிட்டு வருபவரின் காலுறையைப் பார்த்தாலே தெரியும், செங்கல் பொடியின் சிவப்பு. ஆனாலும் அந்நாட்டின் போரிஸ் பெக்கரும் ஸ்டெஃபி கிராஃபும் 1989-இல் புல்தரையில் நடக்கும் விம்பிள்டனில் ஆண், பெண் ஒற்றையர் பட்டங்களை வென்றார்கள். 1993-இல் ஹாலேயின் ஆடை நிறுவனம் ஒன்று ஆண்களுக்கான புல்தரைப் போட்டியைத் தொடங்கியது. முதல் பட்டம் பிரான்சின் ஹென்றி லெகோன்ட்டுக்கு. மறு ஆண்டே மைய அரங்குக்கு மூடித் திறக்கும் கூரை வந்துவிட்டது. விம்பிள்டனுக்கு அந்தப் புத்தி வர 2009 ஆனது.

2003-இல் சுவிட்சர்லாந்தின் ரோஜர் ஃபெடரர் ஹாலேயில் வென்ற கையோடு விம்பிள்டனையும் முதன்முறையாக வென்றார். மொத்தம் பத்து முறை ஹாலே அவருடையது. அரங்கை ஒட்டிய சாலைக்கே அவர் பெயர்தான். 2011-இல் இரட்டையர் கோப்பையைத் தூக்கியது நம் போபண்ணாவும் பாகிஸ்தானின் குரேஷியும். புரவலர் மாறினார், போட்டியின் பெயரும் மாறியது. புல் மட்டும் மாறவில்லை. 2015-இல் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் போட்டியும் களிமண்ணைக் கைவிட்டுப் புல்லுக்கு வந்தது.

இங்கேதான் வயிறு எரிகிறது. 1960, 61 இரண்டு ஆண்டும் விம்பிள்டன் அரையிறுதி வரை போன ராமநாதன் கிருஷ்ணனின் ஊர் சென்னை. அமிர்தராஜ் சகோதரர்களின் ஊரும் இதுதான். ஆனால் இன்றைய சென்னைப் பையன் சிமெண்ட் தரையில்தான் மட்டை பிடிக்கிறான். நுங்கம்பாக்கத்தில் இருபதாண்டுக்கு மேல் நடந்த சென்னை ஓப்பனும் கடினத் தரைதான். புல்லுக்குத் தண்ணீரும் ஆளும் வேண்டும், உலகப் போட்டிகளில் அது சில வாரக் கூத்துதானே என்பார்கள். சரி, கணக்கு அப்படித்தான் வரும். ஆனால் அந்தச் சில வாரங்களில்தானே நமக்குப் பேர் கிடைத்தது?

திறமைக்குக் குறைவில்லை. 2018-இல் அதே ஸ்டுட்கார்ட் புல்லில் சென்னையின் பிரஜ்னேஷ் குணேஸ்வரன் கனடாவின் ஷபோவலோவைச் சாய்த்தார்.

குறை புல்லில் ஆடும் பழக்கத்தில்தான். 2019 பிப்ரவரியில் கொல்கத்தா சவுத் கிளப்பில் டேவிஸ் கோப்பை. எதிரணி இத்தாலி. களிமண்காரர்கள் திணறட்டும் என்று நாமே புல்லைத் தேர்ந்தெடுத்தோம். முதல் நாளே ராம்குமார் ராமநாதனும் பிரஜ்னேஷும் நேர் செட்களில் தோற்றார்கள். பிரஜ்னேஷை வீழ்த்திய பெரெட்டினி, நான்கே மாதத்தில் ஸ்டுட்கார்ட் புல்தரைப் பட்டத்தையும் தட்டிச் சென்றார்.