விழுகிற துப்பாக்கியைப் பிடிக்காதீர்கள்

2018 ஜூன் 2, நள்ளிரவு கடந்த நேரம். அமெரிக்காவின் டென்வர் நகர மதுக்கூடம் ஒன்றில், பணியில் இல்லாத எஃப்.பி.ஐ. அதிகாரி ஒருவர் ஆட்டத்தின் நடுவே பின்பக்கமாகக் குட்டிக்கரணம் அடித்தார். இடுப்பிலிருந்த கைத்துப்பாக்கி தெறித்துத் தரையில் விழுந்தது. விழுந்தபோது வெடிக்கவில்லை. பதறிப்போய்க் குனிந்து அள்ளினார், அப்போதுதான் வெடித்தது. பக்கத்தில் இருந்தவரின் காலில் குண்டு பாய்ந்தது. அந்தக் காணொளியைப் பார்த்துப் பலரும் சிரித்தார்கள். ஆனால், ஆயுதப் பயிற்சி பெற்ற ஒருவருக்கே கை இப்படி முந்திக்கொண்டது என்றால் மற்றவர்கள் பாடு என்ன?

கை ஏன் பாய்கிறது?

சூடான பாத்திரத்தில் பட்ட கை சட்டென்று பின்வாங்குவது தண்டுவடத்தின் வேலை. மூளைக்கு வலி உறைக்கும் முன்பே அது முடிந்துவிடும். விழும் பொருளை எட்டிப் பிடிப்பது அப்படியல்ல. கண் பார்க்க வேண்டும், மூளை கணிக்க வேண்டும், அதன் பிறகே கைக்கு ஆணை போகும். இதற்கே கிட்டத்தட்ட கால் நொடி ஆகிறது. பந்து, டம்ளர், இப்போது செல்போன் என்று சின்ன வயதிலிருந்தே பிடித்துப் பிடித்து வந்த பழக்கம் இது. பழகியதுதான் என்பதால் மாற்றிப் பழகவும் முடியும்.

இடுப்பு உயரம், அதாவது ஒரு மீட்டரிலிருந்து நழுவிய பொருள் தரையைத் தொட 0.45 நொடி போதும். கண்டுணர்வதற்கே பாதிக்கு மேல் போய்விட்டால், எஞ்சியது 0.2 நொடி. புரண்டுகொண்டே விழும் ஆயுதத்தின் எந்தப் பக்கம் கையில் சிக்கும் என்று பார்த்துப் பிடிக்க அவகாசமே கிடையாது.

விரல்கள் சேர்ந்தே மூடும்

அவசரத்தில் எதையாவது பற்றும்போது ஆள்காட்டி விரல் மட்டும் ஒதுங்கி நிற்காது. மற்ற விரல்களோடு சேர்ந்தே மடங்கும். பரவலாகப் புழங்கும் பல கைத்துப்பாக்கிகளின் விசையை இழுக்க இரண்டு, மூன்று கிலோ அழுத்தம் போதும். பெரியவர்களின் கைப்பிடி வலு அதைவிடப் பல மடங்கு. திடுக்கிடும்போதும், கால் இடறும்போதும், மற்றொரு கை எதையாவது இறுகப் பற்றும்போதும் விரல் தன்னையறியாமல் விசையை இழுத்துவிடலாம் என்று அமெரிக்க உடலியங்கியல் ஆய்வாளர் ராஜர் இனோகா விளக்கியிருக்கிறார். துப்பாக்கி நழுவும்போது இவற்றில் ஒன்றுக்கு மேற்பட்டவை சேர்ந்தே வந்துவிடலாம். குழல் அந்த நேரத்தில் உங்கள் வயிற்றையே பார்த்துக்கொண்டிருக்கலாம்.

விழுந்தால் வெடிக்காதா?

வெடிக்கும் துப்பாக்கிகளும் உண்டு. 1873-இல் வந்த கோல்ட் ரிவால்வரில் சுத்தியலின் முனை நேராகத் தோட்டாவின் மேலேயே அமர்ந்திருக்கும். அதனால் விவரம் தெரிந்தவர்கள் ஆறு அறைகளில் ஐந்தை மட்டும் நிரப்பி, சுத்தியலுக்கு அடியில் வெற்று அறையை வைத்துக்கொண்டார்கள். இந்தி நடிகர் கோவிந்தா 2024 அக்டோபர் 1 அதிகாலை மும்பை வீட்டில் தன் ரிவால்வராலேயே காலில் காயப்பட்டார். அலமாரியில் வைக்கும்போது கைநழுவி விழுந்து வெடித்ததாக அவர் தரப்பில் சொன்னார்கள். பழைய இரட்டைக்குழல் துப்பாக்கிகள் பலவற்றில் பாதுகாப்புப் பூட்டு விசையை மட்டுமே தடுக்கும். பலமான அதிர்ச்சி உள்ளேயிருக்கும் கொக்கியை விடுவித்துவிடலாம். இத்தகைய துப்பாக்கி வைத்திருக்கும் வங்கி வாசல் காவலர்களும் தோட்ட உரிமையாளர்களும் இதை மனதில் வைக்க வேண்டும்.

புதியவற்றின் நிலை வேறு. விசை முழுவதும் இழுபடாமல், தோட்டாவைத் தட்டும் ஊசி முன்னே பாயாதபடி பலவற்றில் உள்ளே தடை இருக்கிறது. கலிஃபோர்னியா மாநிலத்தில் விற்பனை அனுமதிக்கு ஒரு மீட்டர் உயரத்திலிருந்து கான்கிரீட் மேல் பல கோணங்களில் போட்டுப் பார்க்கிறார்கள். அப்படியும் 2017-இல் சிக் சாவர் பி320 சில கோணங்களில் விழுந்தால் வெடிப்பது தெரியவந்து, நிறுவனம் இலவசமாக மாற்றித்தர முன்வந்தது. ஆகவே தரையையும் முழுக்க நம்ப வேண்டாம். ஆனால் பழைய ரிவால்வருக்கும் தீர்வு பாய்ந்து பிடிப்பதல்ல. தோட்டாவை வெளியே எடுத்துத் தனியே பூட்டிவைப்பதுதான்.

விட்டுவிடப் பழகுங்கள்

நழுவியது தெரிந்ததும் இரண்டு கைகளையும் மார்புக்கு இழுத்துக்கொண்டு ஓரடி பின்வாங்குங்கள். வெற்றுத் துப்பாக்கியைக்கூடப் போட்டுப் பழக வேண்டியதில்லை. ஒரு மரக்கட்டையோ பேனாவோ போதும். யாராவது எதிர்பாராத நேரத்தில் தட்டிவிட்டால் இன்னும் நல்லது. காய் நறுக்கும் கத்திக்கும் இதே பயிற்சி உதவும். விழும் கத்தியைப் பிடித்து உள்ளங்கைத் தசைநாண் அறுபட்டால் விரலை மடக்க முடியாமல் போகலாம். தைத்த பிறகும் வாரக்கணக்கில் கைக்கட்டும் பிசியோதெரபியும் தேவைப்படும்.

விழுந்தது அசையாமல் நின்ற பிறகு குழல் எங்கே பார்க்கிறது என்று கவனித்து, அதற்கு முன்னால் வராமல், விசை வளையத்துக்கு வெளியே விரலை நீட்டிவைத்து, கைப்பிடியைப் பிடித்து எடுங்கள். தோட்டாவை அகற்றிவிட்டு ஆயுதம் பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள். வெளியே கீறல்கூட இல்லாமல் உள்ளே உடைந்திருக்கலாம்.

குண்டு பாய்ந்துவிட்டால்

முதலில் ஆயுதத்தை எட்டாத இடத்துக்கு அகற்றச் சொல்லுங்கள், 108-ஐ அழையுங்கள். சுத்தமான துணியை வைத்துக் காயத்தின் மேல் கைகளால் அழுத்துங்கள். எடுத்து எடுத்துப் பார்க்க வேண்டாம். தொடைத் தமனி அறுந்தால் சில நிமிடங்களிலேயே உயிர் போகலாம். அழுத்தியும் ரத்தம் நிற்காமல் பீறிட்டால் காயத்துக்கு மேலே, மூட்டைத் தவிர்த்து, அகலமான பட்டையால் இறுக்கிக் கட்டி, கட்டிய நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மேலே தெரியும் துளை சிறியதாக இருக்கலாம், உள்ளே எலும்பே நொறுங்கியிருக்கலாம். குண்டைத் தோண்டி எடுக்க முயலாதீர்கள்.

போலீஸ் வழக்கு என்று பயந்து யாரும் தாமதிக்க வேண்டியதில்லை. 1989-இல் பரமானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: காயப்பட்டு வருபவருக்கு, அரசு மருத்துவமனையோ தனியாரோ, முதலில் சிகிச்சை, காவல்துறை நடைமுறைகள் அதற்குப் பிறகு.