கணக்கு யார் கையில்?



என் அம்மா பால்மரம் வெட்டிய காலத்தில், வெயில் ஏறியதும் எல்லாரும் பால் வாளியோடு ஸ்டோருக்கு முன்னால் வரிசையில் நிற்பார்கள். கிராணியார் நிறை போடுவார். பிறகு மெட்ரோலாக்கைப் பாலில் விட்டு ஓர் எண்ணைச் சொல்லுவார். அந்த எண்தான் அன்றையக் கூலி. அதை வெட்டுக்காரர் கண்ணில் யாரும் காட்டியதில்லை. 'பாலில் தண்ணி' என்று சொல்லிவிட்டால் அதோடு முடிஞ்சது வழக்கு!

1877-ல் கோலகங்சாரில் ரப்பர் கன்று ஊன்றிய நம்ம பேராக்கில், இன்று பெரும்பாலும் செம்பனைதான். பெரட்டில் பேர் கூப்பிட்ட காலம் போய், சில தோட்டங்களில் கைப்பேசியில் பேர் பதிகிறார்கள். வெட்டிய குலையையும் கைப்பேசியிலேயே எண்ணுகிறார்கள். மருந்து தெளிக்க ட்ரோன் வருகிறது. குலை வெட்ட மோட்டார் அரிவாள், தூக்கிப் போட டிராக்டர். பாரம் குறைந்தால் நல்லதுதானே? நம்ம முதுகு ஒன்றும் இரும்பில்லை. மெஷின் நமக்கு எதிரி இல்லை.

ஆனால் கணக்கு?

கீழ்ப் பேராக்கில் ஒரு தோட்டம். குலை வெட்டும் அண்ணன் ஒருவருக்கு மாதக் கடைசியில் சம்பளம் குறைந்துவிட்டது. கேட்டால், "மெஷின் பொய் சொல்லாது" என்றார்கள். அண்ணனோ தினமும் பிள்ளையின் பழைய பள்ளி நோட்டில் வெட்டிய குலையைக் கோடு போட்டு வைப்பவர். நோட்டோடு போய்ப் பேசினோம். அலசிப் பார்த்தால், பள்ளத்து வெட்டில் லைன் கிடைக்காத நாட்களின் கணக்கு மேலே போய்ச் சேரவே இல்லை! விட்ட காசு மறுமாதம் வந்தது. மெஷின் பொய் சொல்லவில்லைதான். அதுக்குத் தெரியாததை அது சொல்லவில்லை, அவ்வளவே. அந்த நோட்டு இல்லாவிட்டால் நம்ம பேச்சு எடுபட்டிருக்குமா?

இன்னொன்றும் பாருங்கள். தஞ்சோங் துவாலாங்கில் 1938-ல் கட்டிய ஈயக்கப்பல் ஒன்று நிற்கிறது. அதன் வேலை 1982-ல் நின்றது. 1985-ல் உலகச் சந்தையில் ஈய விலை விழுந்ததும் கிந்தா பள்ளத்தாக்கில் லம்பம் லம்பமாக மூடினார்கள். இன்று அந்தக் கப்பலைச் சுற்றுலாப் பயணிகள் பார்த்துப் போகிறார்கள். இரும்புக்கு மரியாதை கிடைத்தது. ஈயத்தை நம்பிப் பிழைத்தவர்களோ வேறு ஊருக்கு வேலை தேடிப் போனார்கள்.

ஆகவே தெரிந்துகொள்ளுங்கள்:

ஒன்று: 12 மாதமாவது வேலை செய்தவரை ஆட்குறைப்பில் நிறுத்தினால், 1980-ம் ஆண்டு விதிப்படி நட்டஈடு உண்டு. சேவை 2 ஆண்டுக்குக் குறைவானால் ஆண்டுக்கு 10 நாள் சம்பளம். 2 முதல் 5 ஆண்டுக்குள் 15 நாள். 5 ஆண்டும் அதற்கு மேலும் 20 நாள். 'மெஷின் வந்துடுச்சு, போய்ட்டு வா' என்று வெறுங்கையோடு அனுப்ப முடியாது.

இரண்டு: 2018 முதல் சொக்சோவில் வேலை காப்புறுதித் திட்டம் இருக்கிறது. வேலை போன 60 நாளுக்குள் மனு செய்ய வேண்டும். வெட்கப்பட்டு வீட்டில் உட்கார்ந்தால் நாள் ஓடிவிடும்.

மூன்று: 2010-ம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, உங்களைப் பற்றி முதலாளி பதிந்து வைத்திருப்பதைக் கேட்டுப் பார்க்கவும், தப்பிருந்தால் திருத்தச் சொல்லவும் உங்களுக்கு உரிமை உண்டு.

கைப்பேசிக் கணக்கை அன்றன்றைக்கே தொழிலாளிக்குக் காட்ட வேண்டும். புது மெஷின் ஓட்டும் பயிற்சியை முதலில் நம்ம தோட்டத்துப் பிள்ளைகளுக்குத் தர வேண்டும். சங்கக் கூட்டத்தில் இந்த இரண்டையும் எழுந்து கேளுங்கள்.

அதுவரைக்கும் ஒரு பென்சில், ஒரு நோட்டு. இன்றைக்கே கோடு போட ஆரம்பியுங்கள்!