மெதுவாகப் போக ஒரு பற்சக்கரப் பெட்டி

வண்டி வாங்குகிறவர் எவரும் அது வேகமாக ஓட வேண்டும் என்றே விரும்புவார். ஆனால் அமெரிக்காவில் ஒரு சாரார், நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் ஜீப்பின் அடியில் படுத்து, அதன் முக்கியமான ஓர் உறுப்பைக் கழற்றிவிட்டு, பெரும் பணம் கொடுத்து வாங்கிய வேறோர் உறுப்பைப் பொருத்துகிறார்கள். எதற்காகத் தெரியுமா? வண்டி இன்னும் மெதுவாகப் போவதற்காக!

இது விந்தையாகத் தோன்றலாம். கலிபோர்னியாவில் சியரா நெவாடா மலையிலுள்ள ரூபிகான் பாதையைப் பார்த்தவர்களுக்கு விந்தையாகத் தோன்றாது. பாதை என்பது பெயரளவில்தான். ஏறத்தாழ 35 கிலோமீட்டர் நீளத்திற்கு வழி நெடுகக் கற்பாறைகள். 1953ஆம் ஆண்டு முதல் ஜீப் வண்டிகள் அணி அணியாக இதைக் கடந்து வருகின்றன. இங்கே வண்டி ஓடுவதில்லை; ஒரு பாறையிலிருந்து அடுத்த பாறைக்கு ஊர்ந்து செல்கிறது. மனிதன் நடக்கும் வேகம் கூட இங்கே அதிகம்தான்.

அந்த உறுப்பு எது? அதை மாற்றினால் என்ன கிடைக்கிறது? அதற்கு என்ன விலை கொடுக்க வேண்டும்? இவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

இரண்டாவது பெட்டி

சாதாரண லாரியில் எஞ்சினின் சுழற்சி கிளட்ச், கியர் பெட்டி, புரொபெல்லர் ஷாஃப்ட் ஆகியவற்றின் வழியாகப் பின் அச்சை அடைகிறது. நான்கு சக்கரங்களும் இழுக்கும் ஜீப்பிலோ, கியர் பெட்டிக்குப் பின்னால் மற்றொரு பெட்டி இருக்கிறது. இதற்கு 'டிரான்ஸ்ஃபர் கேஸ்' என்று பெயர். நாம் இதைப் 'பகிர்வுப் பெட்டி' என்று அழைப்போம். இதற்கு இரண்டு வேலைகள். முதலாவது, சுழற்சியை முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் பகிர்ந்தளிப்பது. இரண்டாவது, வேண்டும்போது சுழற்சியை மேலும் ஒரு முறை குறைப்பது.

1941ஆம் ஆண்டின் வில்லிஸ் ராணுவ ஜீப்பிலேயே இப்பெட்டி இருந்தது. 1947 முதல் நம் நாட்டில் மஹிந்திரா நிறுவனம் பூட்டிய ஜீப்புகளும் அவ்வழி வந்தவையே. பழைய ஜீப்பில் கியர் லீவருக்கு அருகே சிறிய லீவர்கள் இரண்டைப் பார்த்திருப்பீர்கள். அவை பகிர்வுப் பெட்டிக்கு உரியவை.

இனி ஒரு குறிப்பிட்ட வண்டியை எடுத்துக்கொள்வோம். 1997 முதல் 2006 வரை விற்பனையான ஜீப் ராங்ளரில் பெரும்பாலானவற்றுக்கு 'என்.பி. 231' என்ற பகிர்வுப் பெட்டி பொருத்தப்பட்டது. இதன் குறைப்பு விகிதம் 2.72. அதாவது, உள்ளே 2.72 சுற்றுச் சுற்றினால் வெளியே ஒரு சுற்றுக் கிடைக்கும். இதற்கு மாற்றாகக் கலிபோர்னியாவின் அட்வான்ஸ் அடாப்டர்ஸ் நிறுவனம் 'அட்லஸ்' என்ற பெட்டியைத் தயாரிக்கிறது. அது பல விகிதங்களில் கிடைக்கிறது. அவற்றுள் ஒன்று 4.3. இந்தத் தேவையை உணர்ந்த ஜீப் நிறுவனமே 2003இல் 4 விகிதமுள்ள பெட்டியுடன் ஒரு மாடலை வெளியிட்டு, அதற்கு 'ரூபிகான்' என்று பெயரும் சூட்டியது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

வண்டியின் கியர் பெட்டியில் முதல் கியர் விகிதம் 3.83, அச்சிலுள்ள டிஃபரென்ஷியலின் விகிதம் 3.73. மூன்று விகிதங்களையும் பெருக்கினால் மொத்த விகிதம் கிடைக்கும்.

பழைய பெட்டியுடன்: 3.83 × 2.72 × 3.73 = 38.9
புதிய பெட்டியுடன்: 3.83 × 4.3 × 3.73 = 61.4

டயரின் ஆரம் 0.42 மீட்டர் என்று கொள்வோம். அதன் சுற்றளவு 2.64 மீட்டர். ஆக்ஸிலரேட்டரை மிதிக்காதபோது எஞ்சின் நிமிடத்திற்கு 800 சுற்றுச் சுற்றுகிறது என்றால், பழைய பெட்டியுடன் வண்டியின் வேகம் மணிக்கு 3.3 கிலோமீட்டர். புதிய பெட்டியுடன் 2.1 கிலோமீட்டர்.

வகுப்பில் இந்த இடத்தில் நான் ஒரு கேள்வி கேட்பதுண்டு. "புதிய பெட்டியால் எஞ்சினின் திறன் கூடுகிறதா?" பாதிப்பேர் "கூடுகிறது" என்பார்கள். இல்லை. திறன் என்பது திருப்பு விசையையும் கோண வேகத்தையும் பெருக்கி வருவது. பற்சக்கரம் ஒன்றைக் குறைத்து மற்றதைக் கூட்டுகிறது. பெருக்குத் தொகை மாறுவதில்லை. உராய்வினால் அது சற்றுக் குறையவும் செய்கிறது. பற்சக்கரம் ஒரு நாணய மாற்றுக்காரர். ஐந்து இருபது ரூபாய்த் தாள்களை வாங்கிக்கொண்டு ஒரு நூறு ரூபாய்த் தாளைத் தருவார். சிறு தரகும் பிடித்துக்கொள்வார்.

அப்படியானால் திருப்பு விசை கூடுவதுதான் லாபமா? இங்கே இன்னொரு வியப்பு காத்திருக்கிறது. எஞ்சின் 200 நியூட்டன்-மீட்டர் திருப்பு விசை தருகிறது என்று வைத்துக்கொள்வோம். பழைய பெட்டியுடன் சக்கரங்கள் தரையை ஏறக்குறைய 18,500 நியூட்டன் விசையுடன் தள்ள முடியும். ஆனால் தரை அதை ஏற்க வேண்டுமே! சுமையுடன் 1,600 கிலோகிராம் உள்ள வண்டியின் எடை ஏறக்குறைய 16,000 நியூட்டன். பாறைக்கும் ரப்பருக்கும் இடையே உராய்வுக் குணகம் 0.8 என்றால், சமதரையில் டயர்கள் பற்றக்கூடிய அதிகபட்ச விசை 12,800 நியூட்டன்தான். அதற்கு மேல் கொடுத்தால் சக்கரம் வெறுமனே சுழலும். பழைய பெட்டியே தேவைக்கு மேல் விசை தருகிறது என்பது தெளிவு.

பின் எதற்காகப் புதிய பெட்டி? கட்டுப்பாட்டிற்காக. பாறை ஏற 12,000 நியூட்டன் விசை வேண்டும் எனில், பழைய பெட்டியுடன் எஞ்சின் 130 நியூட்டன்-மீட்டர் தர வேண்டும். புதியதுடன் 82 போதும். எஞ்சினைச் சீறவிட வேண்டியதில்லை; கிளட்ச்சைப் பாதி அழுத்தித் தேய்க்க வேண்டியதில்லை. வேகம் குறைவதால் வண்டியின் இயக்க ஆற்றல் ஐந்தில் இரண்டு பங்காகக் குறைகிறது. சக்கரம் பாறையில் மோதினாலும் அடி மெல்ல விழும். இறக்கத்திலோ எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்துகிறது, பிரேக் சூடாவதில்லை.

பொருத்தும் முறை

பெட்டியை மாற்றுவது பல மணி நேர வேலை. வண்டியைச் சமதரையில் நிறுத்தி, உறுதியான தாங்கிகளின் மேல் ஏற்றி வைக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் செல்வது உயிருக்கே ஆபத்து. பழைய பெட்டியின் எண்ணெயை வடித்து, இரு புரொபெல்லர் ஷாஃப்டுகளையும், லீவர் இணைப்பையும், வேகமானி இணைப்பையும் கழற்றுகிறார்கள். கியர் பெட்டியின் பின்பகுதியைத் தாங்கியிருக்கும் குறுக்குச் சட்டத்தை எடுப்பதற்கு முன், கியர் பெட்டிக்குத் தனியே முட்டுக் கொடுக்கிறார்கள். பிறகு பெட்டியை மரையாணிகளிலிருந்து விடுவித்துப் பின்னோக்கி இழுத்தால் அது வெளியே வரும். பெட்டி கனமானது, அதற்கென உள்ள ஜாக்கியின் மேல் வைத்தே இறக்க வேண்டும்.

புதிய பெட்டியில் முதலில் சரிபார்க்க வேண்டியது அதன் வாய்ப்பகுதி. கியர் பெட்டியின் வெளித்தண்டில் வரிசையாகப் பற்கள் வெட்டப்பட்டிருக்கும். இவற்றை ஸ்பிளைன் என்பார்கள். இந்த ஜீப்பில் அவை 23. பெட்டியின் வாயிலும் அதே எண்ணிக்கை இருந்தாலன்றி இரண்டும் சேரா. முன் அச்சின் டிஃபரென்ஷியல் இடப்பக்கம் இருப்பதால் பெட்டியின் முன் வாயிலும் இடப்பக்கமே இருக்க வேண்டும். பெட்டியை அதன் உள்தண்டை மையமாகக் கொண்டு சற்றுத் திருப்பிப் பொருத்தவும் வழி உண்டு. அப்படித் திருப்பினால் பெட்டியின் அடிப்பகுதி மேலே உயர்ந்து, பாறையில் தட்டாது. ஆனால் அளவு மீறித் திருப்பினால் வண்டியின் தளத்தில் இடிக்கும்.

கோணம் செய்யும் குறும்பு

பாறையில் ஏறும் வண்டிகளுக்குப் பெரிய டயர் போடுவதால் ஸ்பிரிங்குகளையும் உயர்த்துகிறார்கள். அப்போது புரொபெல்லர் ஷாஃப்ட் செங்குத்தாகச் சரிகிறது. அதன் முனைகளில், மெக்கானிக்குகள் 'கிராஸ்' என்று சொல்லும் சிலுவை வடிவத் துண்டைக் கொண்ட மூட்டுகள் இருக்கின்றன. இந்த மூட்டுக்கு ஒரு குணம் உண்டு. ஒரு பக்கம் சீரான வேகத்தில் சுற்றினாலும், மறுபக்கம் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை வேகம் கூடிக் குறையும். கோணம் 20 பாகை எனில் ஏற்ற இறக்கம் 6 விழுக்காடு. 16 பாகை எனில் 4 விழுக்காடு. இதனால்தான் வண்டி அதிர்கிறது. இரு முனைகளிலும் கோணம் சமமாக இருந்தால், முதல் மூட்டின் ஏற்ற இறக்கத்தை இரண்டாவது மூட்டுச் சரிசெய்துவிடும்.

புதிய பெட்டி பழையதைவிடக் குட்டையானது. ஆகவே பின் ஷாஃப்டுக்கு நீளம் கூடுகிறது. உயர வேறுபாடு 19 சென்டிமீட்டர் என்று கொண்டால், 55 சென்டிமீட்டர் ஷாஃப்டின் கோணம் 20 பாகை. 70 சென்டிமீட்டர் ஷாஃப்டின் கோணம் 16 பாகைதான். பழைய ஷாஃப்ட் இனிப் பொருந்தாது. பெட்டியைப் பூட்டி, வண்டி தன் சக்கரங்களின் மேல் நிற்கும்போது அளந்த பின்னரே புதிய ஷாஃப்டைச் செய்யக் கொடுக்க வேண்டும். வண்டி தாங்கிகளின் மேல் தொங்கும்போது அளந்தால் அளவு தவறிவிடும்.

கொடுக்க வேண்டிய விலை

முன்பு 200 நியூட்டன்-மீட்டர் எஞ்சின் விசை, புரொபெல்லர் ஷாஃப்டில் 2,080 ஆக வந்தது. இப்போது 3,290 ஆக வருகிறது. கியர் பெட்டிக்கு இதனால் சுமை இல்லை. பகிர்வுப் பெட்டிக்குப் பின்னாலுள்ள மூட்டுகள், பற்சக்கரங்கள், அச்சுத் தண்டுகள் எல்லாவற்றுக்கும் 1.58 மடங்கு சுமை. வழக்கமாகச் சக்கரம் வழுக்கிவிடும். அந்த வழுக்கலே மின்சாரத்தில் ஃப்யூஸ் செய்யும் வேலையைச் செய்து தண்டைக் காக்கிறது. சக்கரம் இரு பாறைகளுக்கிடையே சிக்கிக்கொண்டால் வழுக்க இடமில்லை. அந்நேரம் ஆக்ஸிலரேட்டரை மிதித்தால், வரிசையில் எந்த உறுப்பு மிக மெலிந்ததோ அது முறியும். ஊருக்கு வெகு தொலைவில், மலை நடுவில் முறியும்! ஆகவே பெரிய விகிதம் வாங்கியவருக்குப் பொறுமையும் பெரிதாக இருக்க வேண்டும்.

இன்னும் இரண்டு எச்சரிக்கைகள். இப்பெட்டி முன் அச்சையும் பின் அச்சையும் ஒரே வேகத்தில் பிணைக்கிறது. திருப்பத்தில் முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட நீண்ட வளைவில் செல்கின்றன. மண்ணிலும் கல்லிலும் டயர் சற்றே வழுக்கி வேறுபாட்டைச் சமாளிக்கும். உலர்ந்த தார்ச்சாலையில் வழுக்காது, தண்டுகள் முறுக்கிக்கொள்ளும். ஆகையால் தார்ச்சாலைக்கு வந்ததும் முன் அச்சின் பிணைப்பை விடுவித்துவிட வேண்டும். மற்றொன்று, பகிர்வுப் பெட்டி நியூட்ரலில் இருக்கும்போது கியர் பெட்டியில் எந்தக் கியர் போட்டிருந்தாலும் வண்டி நிற்காது, சரிவில் உருண்டுவிடும். அப்போது வண்டியைப் பிடித்து நிறுத்துவது கைப்பிரேக் ஒன்றே.

ஒரு விகிதத்தை மாற்றப் போய், ஷாஃப்டின் நீளம், மூட்டின் கோணம், அச்சின் வலிமை, ஓட்டுபவரின் பழக்கம் எல்லாவற்றையும் மாற்ற நேர்ந்ததைக் கண்டீர்கள். இயந்திரத்தில் எந்த உறுப்பும் தனியே இருப்பதில்லை. உங்கள் வீட்டுச் சைக்கிளிலேயே இதைச் சோதிக்கலாம். முன் பற்சக்கரத்திலும் பின் பற்சக்கரத்திலும் உள்ள பற்களை எண்ணுங்கள். பெடல் ஒரு சுற்றுக்கு எத்தனை மீட்டர் செல்லும் என்று கணக்கிட்டு, பிறகு தரையில் அளந்து பாருங்கள். பின் பற்சக்கரத்தைப் பெரிதாக்கினால் மேட்டில் மிதிப்பது எளிதாகும். அதற்கு என்ன விலை கொடுக்கிறீர்கள் என்பதையும் கண்டுபிடியுங்கள்.